குடும்பத்தில் யாருக்காவது உண்டா

சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஆஸ்பத்திரியில் டான்சில் அறுப்பார்கள். தொண்டை டாக்டர் மெட்ராஸிலிருந்து கல்கத்தா ரோட்டில் தன் காரை ஓட்டிக்கொண்டு வருவார். வரிசையாக நாலைந்து குழந்தைகள் காத்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குள் அவர் வீடு திரும்பிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தால் டான்சில். உடம்பில் சதை பிடிக்காவிட்டால் டான்சில். படிப்பு ஏறவில்லை என்றுகூட ஒரு அப்பா தன் மகனை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அறுப்பதற்கு முந்தின நாள் ரத்தம் பார்ப்பது என் வேலை. இரண்டு சோதனைகள். குத்தின இடத்தில் ரத்தம் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது ஒன்று. வெளியே எடுத்த ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்குக் காது மடலின் நுனியில் ஒரு குத்து. வடிதாளை அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அதன் மேல் ஒற்றி எடுக்க வேண்டும். சிவப்புப் பொட்டுகள் தாளில் வரிசையாக விழும்; பெரிய பொட்டு, சின்னப் பொட்டு, புள்ளி, அப்புறம் வெறும் தாள். இரண்டாவதற்கு முடி போன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, நுனியிலிருந்து துளித்துளியாக உடைத்துக்கொண்டே போக வேண்டும். உறையாத வரைக்கும் துண்டு சுத்தமாகப் பிரியும். உறைந்துவிட்டால் இரண்டு துண்டுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு நூல் இழுபடும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நூல் எனக்கு அலுக்கவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயது. திருவள்ளூரில் கோயில் கைங்கர்யத்தில் இருந்த குடும்பம். பி.எஸ்ஸி முடித்து, மெட்ராஸில் லேப் பயிற்சியும் முடித்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலைக்கு வந்திருந்தேன். எழுபதுகளின் பின்பாதி அது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே புதிது புதிதாகத் தகரக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ரத்தத்தைத் தொடுகிற உத்தியோகமா என்று வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. நான் லீவில் போனால் கொல்லைப்பக்கமாக வந்து குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்வார்கள். குளித்தேன், வேலையை விடவில்லை. ஆஸ்பத்திரி லேபுக்கு நான் ஒருத்திதான். யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் செய்யலாம். எல்லாவற்றையும் பற்றிச் சந்தேகப்படலாம். எனக்கு இரண்டும் பிடித்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை புதுவாயலிலிருந்து ஒரு தம்பதி பையனைக் கூட்டி வந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அப்பா இரும்புக் கம்பி இழுக்கும் கொட்டகையில் வேலை செய்பவர். சட்டையெல்லாம் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். அம்மா பையனைத் தன் முன்னால் நிறுத்தி, இரண்டு கைகளையும் அவன் மார்பில் கோத்துப் பிடித்திருந்தாள். நான் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக்கொண்டு காதருகே போனதும் அவள் உள்ளங்கையால் காதை மூடிவிட்டாள்.

"காதுல வாணாங்க."

"எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும்."

"அதுக்கில்ல. இன்னும் காது குத்தல புள்ளைக்கு."

அப்பா சிரித்தார். "மாமன் மடில ஒக்கார வெச்சிதான் குத்தணுமாம். அதுக்கு முன்னாடி ஊசி படக்கூடாதுன்றா. நீங்க முந்திகினா சண்டைக்கு வருவா சிஸ்டர்."

"நான் குத்திட்டு மாமன் சீரையும் நானே செஞ்சிடறேன்," என்றேன். 

"அப்ப நல்லா கனமா செய்யுங்க. மோதரம், வேட்டி, எனக்கு ஒரு சைக்கிளு."

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. சரி என்று விரல் நுனியில் குத்தினேன். பையன் அழாமல் வடிதாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பொட்டுகள் ஒழுங்காகச் சிறுத்து நின்றன. கண்ணாடிக் குழாயிலும் வர வேண்டிய நேரத்துக்குள் நூல் வந்தது. இரண்டுமே நார்மல் என்று எழுதினேன்.

வார்டுக்குப் போனபோது எங்கள் பெரிய டாக்டர் அப்பாவை விசாரித்துக்கொண்டிருந்தார். பதறாத மனிதர், எதையும் விட்டுவிடாமல் கேட்பவர். "உங்க குடும்பத்துல யாருக்காவது அடிபட்டா ரத்தம் நிக்காம போறது உண்டாப்பா? பல்லு புடுங்கினப்ப, வெட்டுக்காயம் பட்டப்ப?"

அப்பா நன்றாக யோசித்தார். அவர் யோசித்ததை நானே பார்த்தேன். வாய்க்குள்ளேயே ஒவ்வொருவராக முணுமுணுத்தார். அப்பா, பெரியப்பா, சித்தப்பா, அத்தைங்க. பிறகு சொன்னார். "எங்க குடும்பத்துல அப்டி யாரும் கெடயாது சார். எங்கப்பா கால்ல கடப்பாற எறங்குச்சி. மண்ண அப்பிகினு மறுநாளு வேலைக்குப் போய்ட்டாரு."

டாக்டர் தலையாட்டினார். அம்மா குனிந்து பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை வேறொரு நோயாளிக்கு ரத்தம் எடுக்க அந்த வார்டு வழியாகப் போனேன். முதல் குழந்தையைத் தியேட்டருக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். புதுவாயல் பையன் கட்டிலில் படுத்திருந்தான். ஆபரேஷனுக்கு முன் போடும் ஊசியைத் தொடையில் போட்டாகிவிட்டது. வாய் உலர்ந்து நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அப்பா வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மா பையனின் கையை எடுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதுதான் என்னை நிறுத்தியது. தூங்குகிற மாதிரி கிடக்கும் குழந்தையின் கையை எதற்கு மறைக்க வேண்டும்?

"கையைக் காட்டும்மா."

"ஒண்ணுமில்லீங்க."

நானே முந்தானையை விலக்கினேன். விரலில் கிழிந்த புடவைத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. மேலே காப்பித்தூள் அப்பியிருந்தது. அதையும் மீறி ஈரமாகச் சிவப்பு. நேற்று நான் குத்தின அதே விரல். என் கண்ணெதிரே நின்றுபோன ரத்தம்.

"எப்ப ஆரம்பிச்சுது இது?"

"வெளக்கு வெக்கற நேரம் திரும்ப வந்துச்சி. தொடச்சா நிக்கும். அப்பால வரும். இவனுக்கு அப்டித்தான்."

"அப்படித்தான்னா?"

"கீழ உயுந்தா முட்டி வீங்கிக்கும். ஒரு வாரம் நடக்கமாட்டான். கொயந்தன்னா உயுவான்தானே." 

எனக்குள் ஏதோ தடதடவென்று ஓட ஆரம்பித்தது. பயிற்சியில் படித்தது, கரும்பலகையில் வரைந்து காட்டியது, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்தன. நின்ற ரத்தம் மறுபடி கசிவது. மூட்டு வீங்குவது. ஆண் குழந்தை. அப்புறம் அவள் நேற்று மூடின காது. ஆறு வயதாகப்போகிறது. இந்தப் பக்கத்தில் மூன்று வயதுக்குள் மொட்டை அடித்துக் காது குத்தாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

"ஏம்மா இன்னும் காது குத்தல?"

"மாமன் இல்லீங்களே."

"உனக்குக் கூடப் பொறந்தவங்களே இல்லையா?"

"இருந்தாங்க. மூத்தவன் ஒருத்தன், எளையவன் ஒருத்தன். இப்ப இல்ல."

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "அம்ம போட்டுச்சின்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்கன்னா? போட்டுச்சா இல்லையா?"

 தியேட்டரில் தட்டு ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பையன் கண்ணைத் திறந்து மூடினான்.

"பெரியவனுக்குப் பல்லு ஆடிகினு இருந்துச்சி. அவனே புடுங்கிகினான். ரத்தம் நிக்கல. சின்னவன் கெணத்து மேட்டுலருந்து உயுந்தான், வயிறு ஊதிப்போச்சி. நம்ம ஊட்ல ஆம்பள தங்காதுன்னு வெளிய தெரிஞ்சா உன்ன எவன் கட்டிகினு போவான்னு எங்கம்மா வாயத் தெறக்கவுடல. அம்மன்னு சொல்லுன்னுச்சி. காது குத்தற பேச்ச எடுக்கும்போதெல்லாம் மாமன் இல்ல, மாமன் இல்லன்னு நானும் தள்ளிகினே வந்துட்டேன்."

"நேத்து டாக்டர் கேட்டாரே. பக்கத்துலதானே நின்னே?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியாதா என்கிற பார்வை.

"குடும்பத்துலன்னு கேட்டாரு. அவுரு குடும்பத்த அவுரு சொன்னாரு. பொறந்த ஊட்ட யாரு குடும்பம்னுவாங்க?" 

 அவள் தொடர்ந்தாள். "நீங்களும் டெஸ்ட்டு பண்ணிப் பாத்து நல்லாக்குதுன்னீங்க. அதான் நானும் தைரியமா கீறேன். அப்ப என் புள்ளைக்கு அது இல்லதானே சிஸ்டர்?"

அதே நேரம் தியேட்டர் ஆயா உள்ளே வந்தாள். "கண்ணு, எந்திரி. அடுத்தது நீதான்." குனிந்து பையனின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்தாள்.

"தூக்காதீங்க ஆயா."

"டாக்டரு காத்துகினு கீறாரும்மா."

"நான் போய்ச் சொல்றேன். நான் வர்ற வரைக்கும் தூக்காதீங்க." அம்மாவைப் பார்த்து, "நீ புள்ளைய விடாதே," என்றேன். அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவனை மடியில் இழுத்துக்கொண்டாள்.

தியேட்டர் வாசலில் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி எனக்கு அனுமதி இல்லை. கோட்டின் மேல் நின்று கூப்பிட்டேன். தொண்டை டாக்டர் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் மயக்க மருந்துப் பக்கம் நின்றிருந்தார்.

"சார், அடுத்த பையனுக்குப் பண்ணக்கூடாது. ரத்தம் உறையற கோளாறு இருக்கும்னு தோணுது."

"தோணுதா? ரிப்போர்ட் இங்கே இருக்கு. ரெண்டும் நார்மல். யார் பண்ணினது?"

"நான்தான் சார்."

"தப்பாப் பண்ணிட்டியா?"

"இல்ல சார். சரியாத்தான் பண்ணினேன். நார்மல்தான். ஆனா அந்த டெஸ்ட்ல இது தெரியாது."

அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பினார். முகமூடிக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. "அப்ப எதுக்கும்மா அந்த டெஸ்ட்? வாராவாரம் எதுக்குப் புள்ளைங்கள குத்தறே?"

 வார்த்தைகள் எப்போதும் போல முந்திக்கொண்டு வந்தன. "ரத்தம் உறையறதுக்கு வேண்டிய சாமான்ல ஒண்ணு அறவே இல்லாமப் போனாத்தான் சார் குழாய்ல நேரம் கூடும். கொஞ்சூண்டு இருந்தாலே நூல் வந்துடும். விரல்ல ஒரு குத்துக்கு அது போதும். டான்சில் எடுத்த குழிக்குப் போதாது. நேத்து குத்தின விரல்ல இன்னும் கசியுது. அம்மாவோட அண்ணனும் தம்பியும் ரத்தம் நிக்காம செத்திருக்காங்க. இது அம்மா வழியா ஆம்பளப் புள்ளைங்களுக்கு வர்றது சார்."

"குடும்ப விவரம் நீங்க கேக்கலியா?" என்று அவர் பெரிய டாக்டரைப் பார்த்தார்.

"கேட்டேனே. யாருக்கும் இல்லைன்னார்."

"அவர் தன் பக்கத்த மட்டும் சொன்னார் சார்," என்றேன்.

தொண்டை டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று குழந்தைகள் வரிசையில் இருந்தார்கள். கையுறையோடு வார்டுக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

அப்பா டீ குடித்துவிட்டு வந்திருந்தார். ஆயா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மடியில் பையனோடு மனைவி கட்டில் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னாடி இது பேஜாரு, எறங்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்க மச்சான்மாருங்க எப்படிப்பா செத்தாங்க?" என்று தொண்டை டாக்டர் கேட்டார்.

"அம்மைல சார். ரெண்டு பேரும். கல்யாணத்துக்கு முன்னாடியே."

டாக்டர் அவளைப் பார்த்தார். எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் தலையைக் குனிந்து பையனின் முடியைக் கோதினாள்.  என்னிடம் சொன்னதை நானே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பெரிய டாக்டர் என் பக்கம் லேசாகக் கையை அசைத்தார், பொறு என்பதுபோல.  அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் என் கையில் இருப்பது நார்மல் என்று நானே எழுதின ரிப்போர்ட் மட்டும்தான்.

"அம்ம இல்ல," என்றாள். புருஷனைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தே சொன்னாள். "ரத்தம் நிக்காமதான் ரெண்டு பேரும் போனாங்க. பெரியவன் பல்லு புடுங்கி, சின்னவன் கீழ உயுந்து."

அப்பாவின் முகம் சட்டென்று கறுத்தது. "இத்தினி வருசமா இன்னாத்துக்குடி பொய் சொன்ன? எங்கள ஏமாத்திகினு..."

"அதை அப்புறம் பேசிக்கலாம்," என்றார் தொண்டை டாக்டர். பையனின் கால்சட்டையை மேலே தூக்கினார். ஊசி போட்ட இடம் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. தோல் பளபளவென்று நீலம் பாய்ந்திருந்தது. விரலால் மெல்ல அழுத்தினார்; கல் மாதிரி இருந்திருக்க வேண்டும், பையன் முனகினான். அப்பாவின் வாய் பாதியில் நின்றது.

டாக்டர் கையுறைகளைக் கழற்றி ஆயாவிடம் கொடுத்தார். "நான் இங்கே மத்த மூணையும் பாத்துக்கறேன். என் காரை எடுத்துட்டுப் போங்க, ஆஸ்பத்திரி டிரைவர் ஓட்டட்டும். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில என்கூடப் படிச்சவர் இருக்கார், சீட்டு எழுதித் தர்றேன்." பிறகு என்னிடம், "நீயும் போ. அங்கே கேக்கற கேள்விக்கெல்லாம் இதே மாதிரி வாயாடு," என்றார். பாராட்டா திட்டா என்று யோசிக்க நேரமில்லை.

காரில் பின்சீட்டில் அம்மாவும் பையனும் நானும். முன்னால் டிரைவர் பக்கத்தில் அப்பா. சாலையில் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அம்மா அவன் தொடையைக் காற்றில் தாங்கிப் பிடித்தாள். நான் பேனாவால் வீக்கத்தின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தேன். கார் புழல் தாண்டும்போது வீக்கம் வட்டத்துக்கு வெளியே வந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. 

பெரியாஸ்பத்திரி லேபில் எங்களிடம் இல்லாத ஒரு சோதனை இருந்தது. ரத்தத்தை உறையவிடாமல் எடுத்து, சுழற்றி, மேலே தெளிகிற பிளாஸ்மா என்ற மஞ்சள் நீரை மட்டும் பிரித்து, அதில் வெள்ளைக் களிமண் தூளும் மற்ற சாமான்களும் சேர்த்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, எப்போது உறைகிறது என்று பார்ப்பார்கள். குழாய்க்குள் நூல் வந்து எங்களை ஏமாற்றுகிற வேலை இதில் நடக்காது. அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சும்மா நிக்காதே, ஒரு ட்யூபைப் பிடி," என்று ஒரு கம்பிக் கொக்கியைக் கையில் கொடுத்தார்.

அவர் கையில், ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் குழாய். என் கையில் பையனின் குழாய். கொக்கியை முக்கித் தூக்க வேண்டும், முக்கித் தூக்க வேண்டும். அவருடைய கொக்கியில் சீக்கிரமே வழுவழுவென்று ஒரு கட்டி தொங்கியது. என்னுடையதில் தண்ணீர். முக்கினேன், தூக்கினேன், தண்ணீர். இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று மனது சொல்லியது. என் ஊகம் தப்பாகிவிட்டால் தேவலை என்று முதல் தடவையாக நினைத்தேன். கட்டி வரத்தான் செய்தது; ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு வந்தது.

பிறகு அவர் இரண்டையும் பாதிப் பாதி கலந்து வைத்தார். அது ஒழுங்கான நேரத்தில் உறைந்தது. "பாத்தியா, இல்லாததை நல்ல ரத்தம் குடுத்துடுச்சு. அதனால இது ஏதோ ஒண்ணு குறையற கேஸ். ஹீமோபிலியாதான் இருக்கணும். வேற ஏதாவது தடுத்துக்கிட்டு இருந்தா கலந்தாலும் உறையாது." அவர் சொன்னதைத் தாளில் எழுதும்போதே அடுத்த அறையில் பையனுக்குப் புது பிளாஸ்மா ஏற்ற உத்தரவு போனது.

பையனுக்கு ஏற்றுவதற்கு ஈடாக வீட்டார் ஒருவர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே கட்டில் ஓரம் நின்றார். மாலை வெயில் வார்டுக்குள் விழுந்திருந்தது. பிளாஸ்மா சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. தொடையில் நான் புதிதாகப் போட்ட இரண்டாவது வட்டத்தை வீக்கம் இன்னும் தாண்டவில்லை. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே இன்னா பண்ணணும் சிஸ்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"ஆபரேஷன் கூடாது. தசையில ஊசி கூடாது. பல்லு விழற வயசு, விழுந்தா ரத்தம் நிக்கட்டும்னு காத்திருக்காம இங்கே கொண்டு வரணும். அடிபட்டா உடனே. இது போகாதும்மா. ஆனா தெரிஞ்சுக்கிட்டா காப்பாத்தலாம்."

"அவனுங்க ரெண்டு பேருக்கும் இது தெரியல," என்றாள்.

அப்பா பஞ்சை எடுத்துப் பார்த்தார். குத்தின இடம் காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக மனைவியிடம் பேசினார்.

"உங்கண்ணன் எப்டி இருப்பான்?"

அவள் நிமிர்ந்தாள். சண்டைக்கு முன்னுரையோ என்று எனக்கும் தோன்றியது. 

"ஒசரமா இருப்பான். ஏரில எறங்கினா கூப்டாலும் வெளிய வரமாட்டான்."

"சின்னவன்?"

"அவன் பயந்தாங்குளி. கோயி தொரத்தினாகூட ஓடுவான்."

"அப்டி ஓடிதான் உயுந்தானா?"

அவள் தலையாட்டினாள்.   அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், நீளவாட்டில் சுருட்டினார், பையனின் தலை இடிக்காதபடி தலைமாட்டு இரும்புக் கம்பியில் இறுக்கிச் சுற்ற ஆரம்பித்தார். துண்டு பாதிக் கம்பிக்குத்தான் வந்தது.

"பையில பழைய பொடவ இருந்தா குடு," என்றார். "கால் பக்கமும் கம்பி கீது."